கடல் மேடைகளில் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் மேடைகளில் விபத்து நேரும்போதெல்லாம் தீப்பிழம்பின் படமும் இறந்தோர் எண்ணிக்கையும் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வருகின்றன. ஒரு வாரத்துக்குள் செய்தி உள்பக்கத்துக்குப் போய்ப் பிறகு மறைந்துவிடுகிறது. ஓராண்டோ ஈராண்டோ கழித்து விசாரணை அறிக்கை வெளிவரும்போது அதைப் படிப்பவர்கள் மிகச் சிலரே. அத்தகைய மேடைகளில் பாதுகாப்புப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்பத் தென்படும் ஒரு குறையைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். உயிர்காப்புக் கருவிகள் பெரும்பாலும் மேடையில் இருந்தன. வேலையை நிறுத்துவதற்கும், எல்லோரும் வெளியேறுங்கள் என்று சொல்வதற்கும் யாருக்கு அதிகாரம் என்பதுதான் தெளிவாக இல்லை. அதிகாரம் இருந்தவர்களும் அதைப் பயன்படுத்தத் தயங்கினார்கள்.

1988 ஜூலை 6 அன்று பிரிட்டனை ஒட்டிய வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்ததில், மீட்கச் சென்ற படகிலிருந்த இருவர் உட்பட 167 பேர் இறந்தனர். அதன் தொடக்கம் மிகச் சாதாரணமானது. எரிவாயுத் திரவத்தை அழுத்தி அனுப்பும் இரண்டு பம்புகளில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிப்டில் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியாததால், வால்வு இருந்த இடத்தில் ஓர் உலோக மூடியைப் பொருத்திவிட்டுப் போனார்கள். வேலை பாதியில் நிற்கிறது என்பதைக் காட்டும் அனுமதிச் சீட்டு இருந்தும், அது இரவு ஷிப்டில் பம்பை இயக்குபவர்களின் பார்வைக்கு வரவில்லை. ஷிப்ட் மாறும்போது வாய்ச்சொல்லாகவும் யாரும் தெரிவிக்கவில்லை. இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு மற்றொரு பம்பு நின்றுபோகவே, கழற்றப்பட்ட வால்வைப் பற்றி அறியாதவர்கள் இந்தப் பம்பை இயக்க முற்பட்டார்கள். மூடியின் விளிம்பில் கசிந்த வாயு வெடித்தது.

அந்த முதல் வெடிப்பிலேயே எல்லோரும் இறந்துவிடவில்லை. பெரும்பாலானோர், அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தபடியே, தங்குமிடப் பகுதியில் கூடி அறிவிப்புக்காகக் காத்திருந்தார்கள். அறிவிப்பு வரவே இல்லை. கட்டுப்பாட்டு அறை வெடிப்பில் செயலிழந்துவிட்டது. ஹெலிகாப்டர் தளத்தைப் புகை மூடியிருந்தது. உயிர்காப்புப் படகுகளை நெருங்க முடியவில்லை. தீயணைக்கும் நீர்ப் பம்புகள், கடலுக்கடியில் மூழ்காளர்கள் வேலை செய்வதைக் காரணமாகக் காட்டித் தானியங்கி நிலையிலிருந்து மாற்றி வைக்கப்பட்டிருந்தன; மூழ்காளர்கள் நீர் உறிஞ்சும் குழாய்க்கு அருகில் இருந்தாலொழிய அப்படிச் செய்ய வேண்டியதில்லை என்று முன்னர் நடந்த தணிக்கை ஒன்றே பரிந்துரைத்திருந்தது. இவை எல்லாவற்றையும் விட என்னை இன்றும் வருத்துவது, குழாய்களால் இணைக்கப்பட்டிருந்த பக்கத்து மேடைகளின் நடத்தைதான். பைப்பர் எரிவது அங்கிருந்தவர்களுக்குக் கண்ணுக்கே தெரிந்தது. ஆனாலும் அவை உற்பத்தியை உடனே நிறுத்தவில்லை. எரியும் மேடையை நோக்கி எண்ணெயும் வாயுவும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. முதல் வெடிப்புக்கு இருபது நிமிடங்களுக்குப் பிறகு பெரிய வாயுக்குழாய் ஒன்று வெடித்தபோதுதான் தீ எவராலும் கட்டுப்படுத்த முடியாததாயிற்று. மேடையில் இருந்த 226 பேரில் 61 பேர் பிழைத்தார்கள். அவர்களுள் பலர் அறிவிப்புக்குக் காத்திராமல் வெளியேறிக் கடலுக்குள் இறங்கியவர்கள், அல்லது குதித்தவர்கள்.

சொன்னபடி காத்திருந்தவர் இறக்கவும் சொன்னதை மீறியவர் பிழைக்கவும் நேர்ந்தால், அந்த மேடையின் அவசரகாலத் திட்டத்தை எந்த வகையில் திட்டம் என்று அழைப்பது? இதை விசாரித்த ஸ்காட்லாந்து நீதிபதி கல்லன் பிரபு 1990-இல் அளித்த அறிக்கையில் 106 பரிந்துரைகள் இருந்தன. ஒவ்வொரு மேடையும் தனக்கு நேரக்கூடிய பெரும் ஆபத்துகளைத் தானே ஆராய்ந்து, அவற்றை எப்படிக் கட்டுப்படுத்தப் போகிறது என்பதை எழுத்தில் நிறுவ வேண்டும் என்பதும், எண்ணெய் உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்புள்ள அரசுத் துறையின் கையில் தொழிலாளர் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பொறுப்பு இருக்கக் கூடாது என்பதும் அவற்றுள் முக்கியமானவை. பிரிட்டன் அப்படியே பிரித்தது. அமெரிக்கா இதைச் செய்வதற்கு மேலும் இருபது ஆண்டுகளும் டீப்வாட்டர் ஹொரைசன் விபத்தும் தேவைப்பட்டன.

டீப்வாட்டர் ஹொரைசனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மிதவை மேடையான அந்த ரிக் வெடித்து 11 பேர் இறந்தனர். ஏழு ஆண்டுகளாக வேலைநாள் இழப்பை ஏற்படுத்தும் காயம் ஒன்றுகூட நேரவில்லை என்று பாராட்டுவதற்காக நிறுவன உயர் அதிகாரிகள் அன்று ரிக்குக்கே வந்திருந்தார்கள். அந்தப் பாராட்டு பொய்யன்று. ஆனால் வழுக்கி விழுந்தவர்களையும் விரல் நசுங்கியவர்களையும் கணக்கிடும் பதிவேடு, கிணற்றுக்குள் ஏறிவரும் அழுத்தத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. கிணறு முறையாக அடைபட்டிருக்கிறதா என்று அறியும் அழுத்தச் சோதனையின் முடிவு அன்று சந்தேகத்துக்கு இடமாக இருந்தும், அது சரியென்றே கொள்ளப்பட்டு வேலை தொடர்ந்தது. விசாரணையின்போது வெளிவந்த வேறொரு செய்தி, பாதுகாப்புப் பிரிவில் இருந்த எங்களைப் போன்றவர்களைத் தலைகுனிய வைத்தது. வாயுக் கசிவை உணர்ந்தவுடன் மேடை முழுவதும் தானாக ஒலிக்க வேண்டிய அபாய மணி, தானாக ஒலிக்காதபடி வைக்கப்பட்டிருந்தது; நள்ளிரவில் தவறாக ஒலித்து, தூங்குபவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதே காரணம் என்று அங்கிருந்த மின்னணுத் தொழில்நுட்பர் சாட்சியம் அளித்தார். பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வந்தவரின் தூக்கம் மதிக்கத் தக்கதுதான். அதற்கு வழி, தவறாக ஒலிக்கும் உணர்கருவியைப் பழுது பார்ப்பது.

ஒத்திகைகளைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்கிறேன். பெரும்பாலான மேடைகளில் வாரந்தோறும் ஒத்திகை நடக்கிறது. நான் பணியாற்றிய இடங்கள் சிலவற்றில் அது எப்படி நடந்தது என்பது கண்முன் நிற்கிறது. இன்ன கிழமை, இன்ன நேரம் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். மணி ஒலிப்பதற்குச் சற்று முன்னரே பலர் கையுறையைக் கழற்றிவிட்டுப் படிக்கட்டுக்கு அருகில் வந்து நிற்பார்கள். கூடுமிடத்தில் சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் ஒவ்வொருவரும் தத்தம் பெயர் அட்டையைத் திருப்பி வைப்பார்கள். ஒரு முறை இரண்டு அட்டைகள் திரும்பவில்லை. ஒருவர் இரவு ஷிப்ட் முடித்து உறங்கிக்கொண்டிருந்தார். மற்றவர் முதல் நாளே ஹெலிகாப்டரில் கரைக்குப் போய்விட்டார், அவருடைய அட்டையை எடுக்க ஒருவரும் நினைக்கவில்லை. பொறுப்பாளர் இரண்டு அட்டைகளையும் தாமே திருப்பி வைத்துவிட்டு, எல்லோரும் வந்துவிட்டதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார். பதிவேட்டில் நேரம் எழுதப்பட்டது, கையெழுத்தும் ஆயிற்று. உண்மையான தீ என்றால், அட்டையைத் திருப்பாமல் விட்டிருந்தால் கரையில் பாதுகாப்பாக இருக்கும் ஒருவரைத் தேடி மீட்புக் குழுவினர் புகைக்குள் போயிருப்பார்கள்; இப்படித் திருப்பி வைத்துவிட்டதால் அறையில் உறங்குபவரைத் தேடி ஒருவரும் போயிருக்க மாட்டார்கள். 2001 மார்ச்சில் பிரேசில் கடலில் பி-36 மேடையில் இறந்த 11 பேர், முதல் வெடிப்புக்குப் பிறகு நிலைமையைச் சமாளிக்கச் சென்ற அவசரகாலக் குழுவினரே என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு தவறான அட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும்.

ஒத்திகை பயன்பட வேண்டுமானால் அதில் எதிர்பாராதது ஒன்று இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மணி ஒலிக்கட்டும். வழக்கமான படிக்கட்டைக் கயிறு கட்டி மறித்து, அது எரிகிறது என்று சொல்லட்டும். கூடுமிடப் பொறுப்பாளரே காயமடைந்ததாக அறிவித்து அவரை ஒதுக்கி உட்கார வைக்கட்டும். அடுத்து யார் பொறுப்பேற்கிறார், அவர் சொல்வதை மற்றவர்கள் கேட்கிறார்களா என்று பார்க்கட்டும். ஒரே மேடையில் நான்கைந்து மொழி பேசுபவர்கள் வேலை செய்யும் காலம் இது. ஒலிபெருக்கியில் வரும் ஆணை அத்தனை பேருக்கும் புரிகிறதா என்பதை இப்படிப்பட்ட ஒத்திகை ஒன்று பத்தே நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அதில் வெளிப்படும் குறைகளுக்காக எவரையும் தண்டிக்கக் கூடாது. தண்டித்தால் அடுத்த ஒத்திகையில் அட்டைகள் எல்லாம் ஒழுங்காகத் திரும்பியிருக்கும், அவ்வளவுதான்.

உயிர்காப்புப் படகைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் உண்டு. 1980 மார்ச் 27 அன்று நார்வே கடற்பகுதியில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தனர். தாங்குகாலை இணைக்கும் குழாயில் ஒரு சிறு கருவியைப் பொருத்துவதற்காகச் செய்த ஆறு மில்லிமீட்டர் பற்றவைப்பில் தொடங்கிய விரிசல்தான் அந்த மேடையைச் சாய்த்தது. கடலில் இறக்கப்பட்ட நான்கு படகுகளில் ஒன்றே ஒன்றுதான் கம்பிவடத்திலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ள முடிந்தது. பாரம் தொங்கும்வரை கொக்கி விடுபடாத அமைப்பு அது. பாரம் தொங்கும்போதே விடுபடும் கொக்கிகள் அதன்பின் பரவலாயின. ஆனால் அவற்றைச் சரியாகப் பராமரிக்காத கப்பல்களிலும் மேடைகளிலும், ஒத்திகையின்போதே கொக்கி கழன்று படகு விழுந்து, பயிற்சிக்காக ஏறியவர்கள் இறந்த சம்பவங்கள் உலகெங்கும் நிகழ்ந்தன. இதனால் ஆட்களை ஏற்றாமல் படகை இறக்கிப் பார்ப்பதே பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த எச்சரிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் விளைவாக, பல ஆண்டுகள் மேடையில் வேலை செய்தும் மூடிய படகுக்குள் ஒருமுறைகூடத் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து வார்ப்பட்டையைப் பூட்டிப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். படகை அதன் தங்குநிலையிலேயே பாதுகாப்பாகக் கட்டிவைத்துக்கொண்டு, உயிர்காப்பு உடையோடு முழு எண்ணிக்கையில் ஆட்களை ஏற்றி உட்கார வைத்துப் பார்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அப்படிச் செய்து பார்த்தால், ஐம்பது பேர் என்று எழுதியிருக்கும் படகில் கனத்த உடை அணிந்த ஐம்பது பேர் உண்மையில் அடங்குகிறார்களா என்பது தெரிந்துவிடும். 2007 அக்டோபரில் மெக்சிகோவின் காம்பேச்சே விரிகுடாவில் உசுமசிந்தா ரிக்கிலிருந்து படகுகளில் ஏறி வெளியேறியவர்களில் பலர் கொந்தளித்த கடலில்தான் உயிரிழந்தார்கள் என்பதையும் நினைவூட்டுகிறேன். படகில் ஏறியபின் என்ன செய்ய வேண்டும், எதைத் திறக்கக் கூடாது என்பதும் பயிற்சியில் சேர்ந்ததே.

1982-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து அருகே ஓஷன் ரேஞ்சர் என்ற மிதவை மேடை புயலில் சிக்கி மூழ்கியபோது அதிலிருந்த 84 பேரும் இறந்தார்கள். சன்னல் கண்ணாடி உடைந்து, மேடையைச் சமநிலையில் நிறுத்தும் நீர்த்தொட்டிகளின் கட்டுப்பாட்டுப் பலகையில் கடல்நீர் புகுந்தது. அந்த நிலையில் என்ன செய்வது என்று அங்கிருந்தவர்களுக்குப் போதுமான பயிற்சி தரப்பட்டிருக்கவில்லை. உறைகுளிர் நீரில் உயிர் காக்கும் உடைகளும் இல்லை.

இனி நம் நாட்டுக் கடலுக்கு வருகிறேன். 2005 ஜூலை 27 அன்று மும்பைக்கு அப்பால் கடலிலுள்ள மும்பை ஹை எண்ணெய் வயலின் வடக்கு மேடை எரிந்ததற்கான தொடக்கம், துணைக் கப்பல் ஒன்றின் சமையல்காரருக்கு விரலில் ஏற்பட்ட வெட்டுக்காயம். மழைக்காலக் கொந்தளிப்பில் ஹெலிகாப்டர் வர முடியாததால், அவரை மேடையின் பாரந்தூக்கி வழியாக ஏற்றுவதற்குக் கப்பலை மேடைக்கு மிக அருகில் கொண்டுவந்தார்கள். அலை தூக்கி அடித்ததில் கப்பல் மேடையின் வெளிப்புறத்தில் மறைப்பின்றி நின்ற வாயுக்குழாயில் மோதியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மேடை அழிந்தது. 22 உயிர்கள் போயின. அந்தக் கப்பலில் அழுத்த அறைக்குள் ஆறு மூழ்காளர்கள் இருந்தார்கள். ஆழ்கடல் அழுத்தத்துக்குப் பழக்கப்படுத்தப்பட்ட உடலோடு அந்த அறையை விட்டுச் சட்டென்று வெளியே வந்தால் உயிர் போய்விடும். படிப்படியாக அழுத்தத்தைக் குறைப்பதற்கே பல நாள்கள் ஆகும். மற்றவர்கள் கப்பலைக் கைவிட்டு வெளியேறியபோது அவர்கள் உள்ளேயே விடப்பட்டு, ஒன்றரை நாள் கழித்தே மீட்கப்பட்டார்கள். அந்த ஆறு பேரும் பிழைத்தது பெரும் பேறு. அழுத்தம் குறையாமல் அப்படியே பிரித்தெடுத்துக் கடலில் இறக்கக்கூடிய தனி உயிர்காப்புப் படகு இத்தகைய கப்பல்களுக்கு உண்டு. அது இருக்கிறதா, இயங்குகிறதா, அதை இறக்கத் தெரிந்தவர்கள் கப்பலில் இருக்கிறார்களா என்று கேட்காமல் மூழ்காளர்களை அழுத்த அறைக்குள் அனுப்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அன்று, இந்தக் கடலில் இவ்வளவு நெருங்காதே, காயத்துக்குக் கப்பலிலேயே கட்டுப்போட்டுக் காத்திரு என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்தது? மேடை மேலாளருக்கா, கப்பல் தலைவருக்கா? இதே கேள்வி 2021 மே 17 அன்று மீண்டும் எழுந்தது. டவ்தே புயல் வருவதை வானிலைத் துறை பல நாள்களுக்கு முன்னரே எச்சரித்திருந்தது. 261 பேர் தங்கியிருந்த பி-305 என்ற பார்ஜ் (தொழிலாளர் தங்கும் தட்டையான மிதவைக் கலம்) கடலிலேயே இருந்தது; நங்கூரங்கள் விட்டுப்போய், ஆளில்லா மேடை ஒன்றில் மோதி மூழ்கியது. அதிலும் வரப்பிரதா என்ற இழுவைப் படகிலுமாக 86 பேர் இறந்தனர். பிழைத்தவர்கள் இரவு முழுவதும் உயிர்காப்பு உடையோடு அலைகளில் மிதந்தவர்கள். தெப்பங்கள் பல ஓட்டையாக இருந்தன என்று அவர்கள் சொன்னார்கள். அதன்பின், துறைமுகத்துக்குத் திரும்பும் முடிவை எடுத்திருக்க வேண்டியவர் யார் என்பதில் பார்ஜின் தலைவர், ஒப்பந்த நிறுவனம், எண்ணெய் நிறுவனம் என்று பொறுப்பு கைமாறிக்கொண்டே இருந்தது. புயல் விஷயத்தில் முடிவை அன்றைக்கு யோசித்து எடுக்கவே கூடாது. இன்ன தொலைவில் இன்ன வேகத்தில் புயல் இருந்தால் ஆட்களை இறக்கத் தொடங்க வேண்டும் என்று பருவம் தொடங்குமுன்னரே எழுதிவைக்க வேண்டும். ஹெலிகாப்டர் எத்தனை முறை பறக்க வேண்டும், இழுவைப் படகு கரை சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் அந்த நேரம் கிடைத்துவிடும். அந்த எல்லையைத் தொட்டவுடன் வேலை நின்றாக வேண்டும். நிறுத்தியதால் ஏற்படும் நாள் இழப்பை ஒப்பந்தக்காரர் மீது ஏற்றக் கூடாது என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரி இல்லாமல் மற்றவை எல்லாம் எழுதப்பட்டிருந்தும் பயனில்லை.

ஒப்பந்தம் என்ற இடத்தில்தான் இந்தப் பிரச்சினையின் வேர் இருக்கிறது. பைப்பர் ஆல்ஃபாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த நிறுவனங்களின் தொழிலாளர்கள். டீப்வாட்டர் ஹொரைசனில் இறந்த 11 பேரில் ஒருவர்கூடக் கிணற்றின் உரிமை நிறுவனத்தின் ஊழியர் அல்லர். பற்றவைப்பவர், சாயம் அடிப்பவர், சாரம் கட்டுபவர், சமையல்காரர், துப்புரவாளர் ஆகியோர் ஒரு நிறுவனத்தின் கீழ் மற்றொன்று, அதன் கீழ் இன்னொன்று என்று அடுக்கடுக்கான ஒப்பந்தங்களின் வழியே மேடைக்கு வருகிறார்கள். ஆபத்தைக் கண்டால் எவரும் வேலையை நிறுத்தலாம் என்று அச்சிட்ட அட்டையை அவர்களிடமும் கொடுக்கிறார்கள். அந்த அட்டையைப் பயன்படுத்தியவருக்கு அடுத்த முறை ஹெலிகாப்டரில் இடம் கிடைக்குமா என்பதே அவருடைய மனத்தில் எழும் கேள்வி. கேள்வி கேட்டவரை இனித் தேவையில்லை என்று குறித்துத் திருப்பி அனுப்பும் வழக்கம் வட கடலில் இருந்தது என்பது அத்தொழிலில் எல்லோரும் அறிந்ததே. அதற்கு மாற்றாக, 1989-இல் பிரிட்டன் கொண்டுவந்த விதிகளின்படி மேடையில் வேலை செய்பவர்கள், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, தங்கள் பாதுகாப்புப் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாகம் நியமிப்பவரும் தொழிலாளர் தேர்ந்தெடுப்பவரும் ஒன்றல்லர். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குப் பழிவாங்கலிலிருந்து சட்டப் பாதுகாப்பு வேண்டும்; விபத்து நடந்த இடத்தைப் பார்வையிடவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமை வேண்டும். கடலில் எண்ணெய் எடுக்கும் எல்லா நாடுகளிலும் இது நடைமுறைக்கு வர வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

முதன்முறையாக மேடைக்குப் புறப்படும் இளைஞர்கள் இக்கடிதத்தைப் படிக்கக்கூடும். அவர்களிடம் ஒரு வார்த்தை. ஹெலிகாப்டர் கடலில் கவிழ்ந்தால் வெளியேறும் பயிற்சியைச் சான்றிதழுக்கான சடங்காக எண்ணாதீர்கள். நீருக்கடியில் தலைகீழாக, இருட்டில், கைகளால் தடவி வழி தேடும் பழக்கம் உடம்பில் பதிய வேண்டும். மேடையில் இறங்கிய அன்றே உங்கள் படுக்கையிலிருந்து கூடுமிடம்வரை ஒருமுறை நடந்து பாருங்கள். பிறகு வேறொரு வழியாகவும் நடந்து பாருங்கள். எத்தனை கதவுகள், அவை எந்தப் பக்கம் திறக்கின்றன, எந்த இடத்தில் படிகள் என்று மனத்தில் வையுங்கள். ஷிப்ட் மாறும்போது வேலையை ஒப்படைப்பவரிடம் முடிந்தது என்ன என்று கேட்பதோடு நிற்காமல், முடியாதது என்ன என்றும் கேளுங்கள். முடிந்தால் அந்த இடத்துக்கே இருவருமாகப் போய்ப் பாருங்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடல் விபத்து நேரும்போது தங்கள் செய்தியாளர்கள் இறந்தோர் எண்ணிக்கையோடு, அவர்கள் எந்த நிறுவனத்தின் பெயரில் வேலை செய்தார்கள், கடைசி ஒத்திகை எப்போது எப்படி நடந்தது, வெளியேறும் ஆணையை யார் எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்ற மூன்றையும் கேட்டு எழுத வேண்டும். விசாரணைக் குழு அமைக்கப்பட்டால் அதன் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரும்வரை அதைப் பற்றித் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அறிக்கை வெளியிடப்படாமல் கிடந்தால், அத்தனை நாள்களாக ஏன் வெளியிடப்படவில்லை என்பதையும் செய்தியாக்க வேண்டும்.

இப்படிக்கு,
கடல் எண்ணெய் மேடைகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற பாதுகாப்பு அலுவலர்